முறை வைத்து வந்த அம்மன்

ஏலவார்குழலி என்ற பெயரை வல்லம் கிராமத்தில் முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. காஞ்சிபுரத்தில் பெரிய கோயிலுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்தவள். அம்மன் பெயரையே பெண்ணுக்கு வைத்த அவளுடைய அப்பா, அதைக் கூப்பிட எவ்வளவு மூச்சுப் பிடிக்க வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்கே மாமியார் கோவிந்தம்மா இரண்டு முறை முயன்று பார்த்தாள்.

"ஏல... ஏலவாரு... தா, வாயில நொழைய மாட்டேங்குதுடி உம் பேரு" என்று சொல்லிவிட்டு, ஏலக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அது அக்காவா காயா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கோவிந்தம்மாவுக்குக் கொஞ்சம் நிலமும் இரண்டு மாடுகளும் ஒரே மகனும் நிறைய வாயும் இருந்தன. காலையில் மாட்டை அவிழ்க்கும்போது திட்ட ஆரம்பித்தால், சாயங்காலம் அதே மாட்டைக் கட்டும்போதுதான் நிறுத்துவாள். மகன் ரங்கநாதன் சுற்று வட்டாரத்தில் பம்புசெட்டு பழுது பார்ப்பவன். சத்தத்தை வைத்தே எந்த மோட்டாரில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் வீட்டுக்குள் சத்தம் கேட்டால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

ஏலவார்குழலி ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. எட்டாவது வரை படித்தவள், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் இரண்டு வருஷம் ராணி வேஷம் கட்டி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை அழவைத்தவள். ஆனால் வல்லத்தில் அவளுக்கு மேடை கிடைக்கவில்லை. இருந்த ஒரே மேடையில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள்.

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதம், ராயபுரத்தில் அவளுடைய அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஒத்தாசைக்கென்று போன ஏலவார்குழலி கொஞ்ச நாள் அங்கே தங்கினாள். நாலு குடித்தனங்களுக்கு நடுவில் ஒரு கிணறு, அதன் மேல் உடைந்த மூடி, அதற்குள் கொசு. அந்தக் கொசு நம் ஊர்க் கொசு மாதிரி காதோரம் பாட்டுப் பாடாது. சத்தமில்லாமல் வந்து வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த ஏலவார்குழலிக்கு அடித்து விரட்டக் கையும் ஒழியவில்லை.

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் போயிருக்கும். பங்குனி வெயில். மத்தியானம் சாப்பாடு முடிந்து, மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றவில்லை என்று கோவிந்தம்மா ஆரம்பித்திருந்தாள்.

"காஞ்சிபுரத்துல மாடு தண்ணி குடிக்காதா? இல்ல, அதுங்களே கொழாயத் திறந்து குடிச்சிக்குமா? கேக்கறேன் இல்ல, வாயத் திறயேன்டி!"

ஏலவார்குழலி வாயைத் திறந்தாள். பல் கிட்டியது. கையிலிருந்த சொம்பு தரையில் விழுந்து உருண்டது. முதலில் தோள் ஆடியது, பிறகு முழங்கால், பிறகு உடம்பு முழுக்க. காது வேர்க்கும் வெயிலில் அவள் தைமாதக் குளத்தில் முங்கி எழுந்தவள்போல நடுங்கினாள்.

பக்கத்து வீட்டு அம்சவல்லி வேலியோரம் நின்றிருந்தாள். அந்த நேரத்துக்கு அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள். கோவிந்தம்மாவின் வசவுகளை விட்டால் அவளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும், அது இன்னது என்று முதலில் அறிவிப்பது அவள்தான்.

"ஏ கோவிந்தம்மா, வாய மூடு" என்றாள். "அது உம் மருமவ இல்ல."

"பின்ன யாரு?"

"கண்ணப் பாரு, செவசெவன்னு கீது. ஒடம்பப் பாரு. செல்லியாத்தா வந்து எறங்கிகீறா! நீ தொட்டித் தண்ணிக்கி ஆத்தாவையே அதட்டிகினு கீறே!"

கோவிந்தம்மா அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்சவல்லி வேலியைத் தாண்டி வந்து, வேப்பிலைக் கொத்தை ஒடித்து, ஏலவார்குழலியின் மடியில் போட்டாள். அதற்குள் தெருவில் பாதி உள்ளே வந்திருந்தது.

"தாயே, இன்னா வோணும் சொல்லு" என்று கேட்டாள் அம்சவல்லி.

"கு... கு... குளுருது" என்றாள் ஏலவார்குழலி.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. பங்குனி மாதத்தில் குளிருகிறது என்றால் எப்படி? அம்சவல்லிக்குத்தான் பொறி தட்டியது. "குளுராம? கோயிலு கூரை பிரிஞ்சி மூணு வருசமாவுது! மழையும் பனியும் ஆத்தா தலமேலதான எறங்குது? கேக்க நாதி கீதா?"

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று வருஷமாகக் கூட்டம் போட்டுப் பேசி முடியாத கூரை, அந்த வாரமே புதுக் கீற்றோடு எழுந்து நின்றது.

நடுக்கம் நின்றதும் உடம்பு அனலாகக் கொதித்தது. "தண்ணி, தண்ணி" என்றாள். ஏரி நிறையும் என்று அம்சவல்லி பொருள் சொன்னாள். பிறகு ஏலவார்குழலிக்கு வேர்த்துக் கொட்டி, பாயெல்லாம் நனைந்து, அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது நெற்றியில் ஒரு கைப்பிடிக் குங்குமம் இருந்தது. காலடியில் யாரோ தேங்காய் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் கோவிந்தம்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டையும்விட அந்த மூன்றாவதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள், சாப்பாடு முடிந்த அதே நேரத்துக்கு, மறுபடியும் தோள் ஆடியது. அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ்கூட அவ்வளவு நேரத்துக்கு வராது. மற்ற ஊர்களில் சாமி எப்போது வரும் என்று தெரியாமல் பறையடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வல்லத்தில் மாட்டைக் கட்டிவிட்டு, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாக வந்தார்கள். மண்ணூரிலிருந்துகூட ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்து, காணாமல் போன ஆட்டைப் பற்றிக் கேட்டது. "ஐயோ, தல" என்றாள் ஏலவார்குழலி. தலையாரி வீட்டுப் பக்கம் தேடச் சொல்கிறாள் என்று அம்சவல்லி சொன்னாள். ஆடு அங்கேதான் இருந்தது. தலையாரிக்கும் அது எப்படி வந்தது என்று தெரியவில்லையாம்.

வீட்டில் எல்லாமே மாறிப்போனது. தொட்டிக்கு மாமியாரே தண்ணீர் ஊற்றினாள். ‘அடியே’ போய் ‘ம்மா’ வந்தது. திட்ட வேண்டியிருந்தால் மாட்டோடு நிறுத்திக்கொண்டாள். வந்து போகிற எந்த அம்மனும் இடுப்பை இப்படி ஒடித்துவிட்டுப் போகமாட்டாள் என்று ஏலவார்குழலிக்கு ஒரு பக்கம் தோன்றத்தான் செய்தது. முகம் வெளுத்துப்போய், ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருந்தது. ஆனால் கோவிந்தம்மா கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் பார்க்கும்போது அந்த யோசனையை நாளைக்குத் தள்ளிப்போட்டாள்.

இந்த நிலைமையில்தான் தணிகாசலம் சைக்கிளில் வந்து இறங்கினார்.

தணிகாசலம் மலேரியா இலாகா ஊழியர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து, யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்பது அவர் வேலை. உண்டு என்று சொன்னால் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துப்போவார். அதனால் யாரும் உண்டு என்று சொல்வதில்லை. அவர் மணிச்சத்தம் கேட்டதும், போர்த்திப் படுத்திருந்தவர்கள் எழுந்து வயலுக்குப் போய்விடுவார்கள். ‘உன் ஊர்களில் மட்டும் மனுஷர்களுக்குக் காய்ச்சலே வராதா?’ என்று மேலதிகாரி அவரை மாதா மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரீம்மா, வூட்ல யாருக்கனா ஜொரம் கீதா?" என்றார் தணிகாசலம், இல்லை என்ற பதிலுக்குத் தயாராக, ஒரு காலை சைக்கிளில் வைத்தபடி.

"ஜொரமா? அதெல்லாம் இல்ல" என்றாள் கோவிந்தம்மா. "சாமிதான் வருது."

"யாருக்கு?"

"எம் மருமவளுக்கு. ஒருநாள் வுட்டு ஒருநாள், மத்தியானத்துல."

தணிகாசலம் காலை சைக்கிளிலிருந்து எடுத்தார். "வரும்போது நடுங்குமா?"

"நடுங்காம? ஆத்தா எறங்கறா இல்ல."

"அப்பால ஒடம்பு கொதிக்குமா?"

"தொட முடியாது. ஆத்தா உக்கிரமானவ."

"அப்பால வேர்த்துக் கொட்டி, தூங்கிப்பூடுமா?"

கோவிந்தம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நேர்ல பாத்த மாதிரி சொல்றியே! உங்க வூட்லயும் யாருக்கனா வருதா?"

"பெரீம்மா, அது மலேரியா!" என்று கத்திவிட்டார் தணிகாசலம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான மலேரியா அவருக்குக் கிடைத்ததில்லை. "ஒரே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கறேன்."

சத்தம் கேட்டு அம்சவல்லி வந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த ஊர்லயும் அம்மன்தான்யா ரத்தம் கேப்பா. நீ அம்மன்கிட்டயே ரத்தம் கேக்கறியா? ஊசியத் தூக்கிகினு தெருவுல காலு வெச்சே, சைக்கிளு இருக்கும், நீ இருக்க மாட்டே."

தணிகாசலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைவரை போய், அங்கே நின்று மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஆள் வரும் சத்தம் கேட்டது. துவைக்கிற துணி மூட்டையோடு ஏலவார்குழலி நின்றிருந்தாள். அன்றைக்கு அம்மன் வராத நாள்.

"நீங்க சொன்னத உள்ளேர்ந்து கேட்டேன்" என்றாள். "அது மெய்யாலுமே காய்ச்சலா?"

"ரத்தம் பாத்தாதான் சொல்லலாம். ஆனா நூத்துக்குத் தொண்ணூறு அதான் தங்கச்சி. மெட்ராசுக்கு எங்கனா போயிருந்தியா?"

"ராயபுரம்."

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "வுட்டா ஒடம்பு ஒண்ணுமில்லாம பூடும்மா. கையக் காட்டு."

அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். "எங்க வூட்ல சொல்லுவீங்களா?"

"சொல்லாம?"

"அப்ப ரத்தம் இல்ல."

தணிகாசலம் மாமியாரையும் மேலதிகாரியையும் மனதில் தராசு போட்டுப் பார்த்தார். மேலதிகாரியே கனமாக இருந்தார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு, அவளிடம் நாலு மாத்திரைகளைக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றதும் அவள் அவற்றை விழுங்கினாள். எட்டிக்காய் கெட்டது போ, அப்படி ஒரு கசப்பு.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் சங்கடம். அடுத்த முறைநாளில் கூட்டம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தது. அம்சவல்லி கற்பூரத்தட்டோடு தயாராக இருந்தாள். ஏலவார்குழலி நடுவில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நடுக்கத்துக்குக் காத்திருந்தாள். தோள் அசையவில்லை. உடம்பு சுகமாக இருந்தது, நல்ல பசிகூட எடுத்தது. மூலையில் கோவிந்தம்மா மாட்டுத் தொட்டியைப் பார்ப்பது தெரிந்தது.

ஏலவார்குழலி கண்ணை மூடி, பல்லைக் கடித்து, தோளை ஆட்டினாள்.

ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் ‘தாயே’ என்றதும் பழைய ராணி வேஷம் உடம்பில் ஏறிக்கொண்டது. எழுந்து நின்றாள். அதுவரை அம்மன் எழுந்து நின்றதில்லை. "யாரங்கே!" என்றாள். அதுவரை அம்மன் இரண்டு சொல் சேர்த்துப் பேசியதும் இல்லை. மத்தியான நேரத்தில் இந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தக் கூடாது என்றாள். குழம்பில் புளி பாதியாகக் குறைய வேண்டும் என்றாள். ரங்கநாதன் விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். கடைசியில் நாக்கைத் துருத்திக்கொண்டு, "காஞ்சிபுரத்துக் கோயில் இட்லி வேண்டும்! மிளகும் சுக்கும் தூக்கலாக!" என்று முழங்கினாள்.

ரங்கநாதன் அடுத்த பஸ்ஸிலேயே காஞ்சிபுரம் போனான்.

ஊருக்குப் பரம திருப்தி. அம்சவல்லிக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. அம்மன் இப்படி வெட்ட வெளிச்சமாகப் பேசினால் பொருள் சொல்ல அவள் எதற்கு? "முந்தி வந்தாப்புல அடக்கமா வரலியே" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் மறுபடி ஏரிக்கரையில் அவளைச் சந்தித்து, ரத்தத்தில் பூச்சி இருப்பது உறுதியாகிவிட்டது என்றார். கிட்டத்தட்ட சந்தோஷமாகவே சொன்னார். "இந்தா, இது வேற மாத்திரை. அஞ்சு நாளிக்கி விடாம துன்னணும். பூச்சி ஈரலுக்குள்ள ஒளிஞ்சிகினு கீது. அத தொரத்தாம வுட்டா மறுபடியும் வரும்."

அவள் முதல் நாள் விழுங்கினாள். வயிற்றைப் பிடித்து இழுத்தது. காய்ச்சல்தான் நின்றுவிட்டதே என்று மிச்சத்தை எருக்குழியில் போட்டுவிட்டாள்.

ஏறக்குறைய மூன்று வாரம் அம்மன் ஆட்சி தடங்கலில்லாமல் நடந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம், அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாவின் கையில் குழவி தாளம் போட ஆரம்பித்தது. ஏலவார்குழலி திரும்பிப் பார்த்தாள். மாமியாரின் தாடை ஆடியது, தோள் ஆடியது, அம்மியே ஆடுவதுபோல இருந்தது.

வேலியோரம் நின்ற அம்சவல்லி கண்கலங்கிப்போனாள். "வந்துட்டா! பெரியவ வந்துட்டா!"

கோவிந்தம்மாவின் அம்மனுக்குப் பேச்சு வரவில்லை. பல் மட்டும் கிட்டியது. இதைத்தான் அம்சவல்லி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வந்திருப்பது செல்லியம்மனின் அக்கா அங்காளம்மன் என்றும், தங்கை ரொம்பத்தான் ஆட்டம் போடுகிறாள் என்றும், இனிமேல் தங்கைதான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றும் அவள் அறிவித்தாள். மறுநாள் தங்கையின் முறை. தண்ணீர் ஊற்றுவது தன் குலத்தில் வழக்கமில்லை என்று செல்லியம்மன் எழுந்து நின்று சொன்னாள். அதற்கு மறுநாள் அக்கா பல்லைக் கடித்தாள். புளி பழையபடி இருக்க வேண்டும் என்று அம்சவல்லி பொருள் சொன்னாள். ஊர் இரண்டு கட்சியானது. ரங்கநாதன் முன்பு இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு தெய்வங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, பழுதே இல்லாத மோட்டார்களையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தான்.

ஏலவார்குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் மாமியாரின் முறை முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, நனைந்த புடவையை மாற்றிவிடப் போனாள். கோவிந்தம்மாவின் கை குச்சியாக இருந்தது. கண் மஞ்சள் பூத்திருந்தது. "தல பொளக்குதுடி ஏலக்கா" என்றாள் மெதுவாக. அந்த வாயிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வந்து ஏலவார்குழலி கேட்டதில்லை. ராயபுரத்திலிருந்து தான் கொண்டுவந்ததை இந்த வீட்டுக் கொசு எடுத்துப்போய் மாமியாருக்குக் கொடுத்திருக்கிறது என்பது அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

நேராகப் பம்புசெட்டுக் கொட்டகைக்குப் போய், புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ரங்கநாதன் கையைத் துணியில் துடைத்தான். "அப்ப அம்மன்?"

"அம்மன் கோயில்ல கீறா."

"அந்த இட்லி?"

"அது நான் கேட்டது."

"நெனச்சேன்" என்றான் ரங்கநாதன். "மெளகு தூக்கலான்னு சொன்னப்பவே எனக்கு ஒரு டவுட்டு." பிறகு அவன் முகம் மாறியது. "அம்மா ஊசிக்கி ஒத்துக்காதே ஏலா. அம்ம ஊசி குத்தறவங்க வந்தப்போ வெக்கப்போருக்குள்ள ஒளிஞ்சிகினவங்க."

அவன் சொன்னது சரிதான். அன்று சாயங்காலம் மகன் ரத்தப் பரிசோதனை என்று வாயெடுத்ததும், "அங்காளம்மனுக்கு ஊசியா?" என்று கோவிந்தம்மா படுத்த இடத்திலிருந்தே சொம்பை வீசினாள். குறி தப்பியதை வைத்தே அவளுக்கு எவ்வளவு முடியவில்லை என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தங்கையின் முறை. இந்த முறை கோயிலில் வைத்து வருவேன் என்று அம்மன் முன்கூட்டியே சொல்லியனுப்பினாள். புதுக் கூரைக்குக் கீழே ஊரே கூடியது. கோவிந்தம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து முன்னால் உட்காரவைத்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால், ரங்கநாதன் போய்ச் சொல்லி வரவழைத்திருந்த தணிகாசலம் சைக்கிளோடு நின்றிருந்தார்.

ஏலவார்குழலி அன்றைக்கு ஆடினதுபோல அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. கண் பிதுங்கியது.

"எனக்கு ரத்தம் வேண்டும்!" என்றாள்.

இரண்டு பேர் கோழி பிடிக்க ஓடினார்கள்.

"நில்! கோழி ரத்தம் குடித்துக் குடித்துச் சலித்துப்போனேன். மனுஷ ரத்தம்!"

ஓடியவர்கள் நின்றார்கள். முன்வரிசை மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தது.

"இதோ, என் அக்கா இறங்கும் இந்தக் கோவிந்தம்மாளின் ரத்தம்!"

கோவிந்தம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அம்சவல்லி அவளை விட்டு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு சொட்டு. இடது கை மோதிர விரலில். கண்ணாடியின் மேல் வைத்து எனக்குக் காட்ட வேண்டும்!" என்று முழங்கிவிட்டு, தணிகாசலம் வருவதற்காக நிறுத்தினாள்.

தணிகாசலம் வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து, கண்ணில் நீரோடு அம்மனைத் தரிசித்துக்கொண்டிருந்தார். தான் எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எங்கே அந்தக் கொசுக்காரன்?" என்று அம்மன் அலறினாள்.

"இதோ வந்துட்டேன் தாயே!" என்று சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் முதல் குத்து அவர் விரலிலேயே பட்டது. இரண்டாவதுதான் கோவிந்தம்மாவுக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவள் திறந்து பார்த்து, "இவ்ளோதானா?" என்றாள்.

அம்மன் பிரசாதமாகக் கசப்பு மாத்திரைகளைக் கொடுக்கச் சொன்னாள். துப்பினால் குற்றம் என்றும் சொன்னாள். கோவிந்தம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். காரியம் முடிந்தது என்று ஏலவார்குழலி உட்காரப் போனபோது, பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அவங்க ரத்தந்தான் ரத்தமா? எங்க ரத்தத்துல இன்னா கொற?" அடுத்த தெருக்காரர்கள் அதைவிடக் கோபித்துக்கொண்டார்கள். அம்மனுக்கு ரத்தம் கொடுப்பதில் யார் முதல் என்று தள்ளுமுள்ளு ஆனது. அத்தனை வருஷமாகத் தணிகாசலத்தைக் கண்டால் ஓடிய ஊர், விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. தணிகாசலத்திடம் கண்ணாடிச் சில்லு தீர்ந்துபோனது. மீதிப் பேரை மறுநாள் வரச் சொன்னதற்கு அடிக்க வந்தார்கள்.

மறு வாரம் முடிவு வந்தபோது, கோவிந்தம்மாவுக்கு மலேரியா உறுதியானது. கூடவே இன்னொருத்திக்கும். அது அம்சவல்லி. அவளுக்கும் பத்து நாளாக ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் ஊரில் இன்னாருக்குச் சாமி வந்திருக்கிறது என்று அறிவிக்கும் ஆளே அவள்தான். தனக்கு வந்திருப்பதைத் தானே எப்படி அறிவிப்பது? யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்து, போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கொசு மருந்தடிக்கிறவர்கள் வந்து சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார்கள். கோயிலுக்குக் கூரை வந்துவிட்டதால் இனித் தனக்குக் குளிராது, அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று செல்லியம்மன் விடைபெற்றாள். அக்காவும் தங்கையோடு போய்விட்டதாக ஊர் முடிவு செய்தது. கோவிந்தம்மாவுக்கு உடம்பு தேறியது, கூடவே குரலும் தேறியது.

தை மாதம். பொங்கல் முடிந்து நாலு நாள் இருக்கும். மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஏலவார்குழலியின் தோள் ஆடியது. அவள் ஆட்டவில்லை, அதுவே ஆடியது. வேலியோரம் நின்ற அம்சவல்லி வேப்பிலையை ஒடித்துவிட்டாள். ஆனால் அவள் உள்ளே வருவதற்குள் கோவிந்தம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வேப்பல வோணாம். போயி ரங்கநாதனக் கூப்டு, கொசுக்காரர இட்டாரச் சொல்லு."

மருமகளைப் பாயில் படுக்கவைத்து, வீட்டில் இருந்த கம்பளி, கோணி எல்லாவற்றையும் மேலே போட்டாள். நடுக்கம் அடங்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அந்த அஞ்சு நாள் மாத்திரய இன்னா பண்ணே?"

ஏலவார்குழலி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குக் குடுக்கும்போதே அந்தாளு சொன்னாரு, நடுவுல வுட்டா மாசக்கணக்கு கயிச்சி திரும்பி வரும்னு. நான் கொமட்டிகினே துன்னேன். நீ தூக்கிப் போட்டே, இல்ல?"

"உங்களுக்கு எப்பிடி அத்தே தெரியும், எனக்கும் மாத்திர குடுத்தாருன்னு?"

"மொதல்ல வந்த சாமி போனா பாயப் புழிஞ்சி காயப்போடணும்" என்றாள் கோவிந்தம்மா. "அப்பால வந்த சாமிக்கு ஒரு சொட்டு வேர்வ இல்ல. பாயி தோய்ச்சவ நானு, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா தண்ணி எறைச்சீங்க?"

"எம் மருமவ பொய்ச்சாமி ஆடறான்னு நானே ஊர்ல சொல்லிட்டு, அப்பால தலய எங்க கொண்டு வெச்சிக்கறது?" கோவிந்தம்மா கம்பளியை இழுத்து மூடினாள். "அதுவும் இல்லாம, இட்லி நல்லா இருந்துச்சி. பேசாம படு."

தணிகாசலம் வந்து ஊசி குத்திவிட்டுப் போனார். இந்த முறை மாத்திரைப் பொட்டலம் மாமியார் முந்தானையில் முடியப்பட்டது. தினமும் சோறு போட்டு, மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி, "ஆ காட்டு, நாக்கத் தூக்கு" என்று வாய்க்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் அவளை எழவிட்டாள்.

அடுத்த வருஷம் ஊருக்கு ஒரு வீட்டில் காய்ச்சல் மாத்திரை வைத்துக் கொடுக்க ஆள் தேடினார்கள். தணிகாசலம் யோசிக்காமல் ஏலவார்குழலியின் பெயரைச் சொன்னார். வாசல் சுவரில் ஒரு சின்னத் தகரப் பலகை மாட்டப்பட்டது. அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களை இடுப்பில் வைத்துக்கொண்டே, பிள்ளைப்பாக்கம் வரையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் விரலில் குத்தி மாத்திரை கொடுத்தாள். குத்துவது அவளுடைய வேலை. விழுங்கும்வரை எதிரில் நிற்பது கோவிந்தம்மாவின் வேலை. அவளுக்குப் பயந்து சிலர் காய்ச்சலோடு வேறு ஊருக்கு நடந்தே போனார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு.

எண்பத்து நாலில் தணிகாசலத்துக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போக வந்தவர் முன்னால், கோவிந்தம்மா தானாகவே இடது கையை நீட்டினாள். காய்ச்சலே இல்லையே எதற்கு என்றார் அவர்.

"கடைசியா ஒரு வாட்டி பாத்துட்டுப் போ. உனக்கு அப்பால வர்றவன் கை எப்பிடியோ."

அவர் குத்தி, கண்ணாடியில் தடவி எடுத்துப்போனார். பூச்சி இல்லை என்று பத்து நாளில் சேதி வந்தது. கோவிந்தம்மா வேலியோரம் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி அம்சவல்லியைக் கூப்பிட்டாள்.

"ஏய், நான் பாஸுடி!"

ஏலவார்குழலி உள்ளே மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே சிரித்தாள். அம்சவல்லி அன்று சாயங்காலமே வந்து, தன் விரலையும் பார்க்கச் சொல்லி நீட்டினாள்.